குறைவாக வாங்கி நிறைவாக இருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுகர்வைக் குறைப்பது என்றால் எதையும் வாங்காமல் இருப்பதா?

இல்லை. வேண்டியதை வாங்கி, அது தேயும்வரை பயன்படுத்தி, பழுதானால் சரிசெய்து, அதற்குப் பிறகே அடுத்ததைப் பற்றி யோசிப்பது. ஆண்டுக்கு எத்தனை புதுப்பொருள் வீட்டுக்குள் வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை ஆண்டு உழைக்கிறது, வாங்கியதில் எவ்வளவு தொடப்படாமலே கிடக்கிறது என்ற மூன்றையும் கவனித்தால் போதும். மருந்து, மூக்குக்கண்ணாடி, தலைக்கவசம், சத்தான உணவு, காலைக் கடிக்காத காலணி ஆகியவற்றில் கைவைக்க வேண்டாம். அங்கே மிச்சம் பிடிப்பது பின்னால் இரட்டைச் செலவாகத் திரும்பி வரும்.

புதுப்பொருள் வாங்கும்போது மகிழ்ச்சி வரத்தானே செய்கிறது?

வருகிறது. ஆனால் தங்குவதில்லை. எந்தப் புதுமைக்கும் மனம் சீக்கிரம் பழகிவிடும். நேற்றுவரை கனவாக இருந்த பொருள் இன்று அறைகலன்களோடு ஒன்றாகிவிடுகிறது. அதே அளவு மகிழ்ச்சி வேண்டுமென்றால் இன்னொன்று தேவைப்படுகிறது. பிரிக்மன், கேம்ப்பெல் என்ற இரு உளவியலாளர்கள் 1971-இல் இதை ஓடுபொறியில் ஓடுவதற்கு ஒப்பிட்டார்கள். கால் ஓடிக்கொண்டே இருக்கும், இடம் மட்டும் மாறாது.

1978-இல் பிரிக்மனும் உடன் ஆய்வாளர்களும் லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரை, வெல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். வென்றவர்கள் குறிப்பிடும்படி அதிக மகிழ்ச்சியாக இல்லை. நண்பரோடு பேசுவது, காலை உணவு போன்ற அன்றாட விஷயங்களில் அவர்கள் காணும் இன்பம் குறைந்திருந்தது. மிகச் சிறிய ஆய்வு இது. பிற்காலத்தில் சுவீடனில் நடந்த பெரிய ஆய்வு, பரிசுப்பணம் வாழ்க்கை பற்றிய திருப்தியை நெடுநாள் உயர்த்துவதைக் காட்டியது. ஆனால் அன்றாட மகிழ்ச்சியில் அதன் விளைவு அதைவிடக் குறைவாகவே இருந்தது. பணம் தரும் நிம்மதி வேறு, பொருள் தரும் குதூகலம் வேறு. முதலாவது நிற்கும், இரண்டாவது கரையும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பல பதில்கள் எளிதாகப் புரியும்.

'போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து' என்பது இல்லாதவனுக்குச் சொல்லும் வெறும் ஆறுதல்தானே?

இல்லாதவரிடம் போய் அதைச் சொன்னால் ஆறுதல்கூட ஆகாது, அநியாயம்தான். வாடகை, உணவு, சிகிச்சை, படிப்பு ஆகியவற்றுக்கே பணம் போதாதவர்களுக்குக் கூடுதல் வருமானம் துயரத்தை நேரடியாகக் குறைக்கிறது. இதில் சந்தேகமே இல்லை. இந்தப் பக்கம் அவர்களை நோக்கி எழுதப்பட்டதல்ல.

வசதி வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஒரு நாட்டின் சராசரி வருமானம் ஆண்டுக்காண்டு ஏறினாலும் சராசரி மகிழ்ச்சி கூடவே ஏறுவதில்லை என்று பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974-இல் காட்டினார். ஒரு வருமான அளவுக்கு மேல் அன்றாட மகிழ்ச்சி உயராது என்று உளவியலாளர் கானமனும் பொருளியலாளர் டீட்டனும் 2010-இல் எழுதினார்கள். 2023-இல் கானமனே கில்லிங்ஸ்வொர்த், மெல்லர்ஸ் இருவரோடு சேர்ந்து அதைத் திருத்தினார்: பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சி தொடர்ந்து கூடுகிறது, மிகவும் வருத்தத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஓர் அளவோடு நின்றுவிடுகிறது.

ஆகவே 'பணத்தால் பயனில்லை' என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வருமானமும் செலவும் ஒன்றல்ல என்பதைத்தான் சொல்கிறோம். செலவழிக்காமல் கையில் இருக்கும் 6 மாதச் சேமிப்பு வேலையிழப்பையும் நோயையும் அச்சமின்றி எதிர்கொள்ள வைக்கும். அந்தச் சேமிப்பை அலமாரியில் துணியாக மடித்து வைத்துவிட்டால் அந்தத் தைரியம் கிடைக்காது.

அப்படியானால் எந்தச் செலவு மனத்தில் நிற்கிறது?

ஓரளவு உறுதியாகத் தெரிந்தவை மூன்று. பொருளைவிட அனுபவத்துக்குச் செய்யும் செலவு பலருக்குக் கூடுதல் நிறைவைத் தருகிறது என்று உளவியலாளர்கள் வான் போவன், கிலோவிச் இருவரும் 2003-இல் காட்டினார்கள். நினைவை அடுத்தவர் பொருளோடு ஒப்பிட்டுக் குமைவது கடினம் என்பது அதற்கு ஒரு காரணம். பிறருக்காகச் செலவிடுவது தனக்காகச் செலவிடுவதைவிட மகிழ்ச்சி தருகிறது என்பது டன், அக்னின், நார்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட முடிவு. மூன்றாவது நேரத்தை வாங்குவது: வெறுக்கும் ஒரு வேலையைப் பணம் கொடுத்து இன்னொருவரிடம் ஒப்படைத்தால் நெருக்கடி குறைகிறது என்று 2017-இல் வில்லன்ஸும் உடன் ஆய்வாளர்களும் கண்டார்கள்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. 'அனுபவம்' என்ற பெயரில் ஆண்டுக்கு நான்கு முறை விமானம் ஏறினால் சுற்றுச்சூழல் கணக்கு தலைகீழாகிவிடும். நடந்து போகும் தூரத்தில் நண்பரைச் சந்திப்பதும், ஒரு கருவியை வாசிக்கக் கற்பதும், சேர்ந்து சமைப்பதும் அனுபவங்கள்தாம்.

ஒரு பொருள் சுற்றுச்சூழலுக்குத் தரும் சுமை எங்கே இருக்கிறது?

பெரும்பகுதி நம் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒரு பருத்திச் சட்டைக்கு, செடி வளர்வதிலிருந்து சாயமேற்றுவதுவரை, சுமார் 2500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. ஒரு திறன்பேசியின் வாழ்நாள் கார்பன் உமிழ்வில் ஏறத்தாழ 80 சதவீதம் தயாரிப்பிலேயே போய்விடுகிறது. நாம் சார்ஜ் செய்வதன் பங்கு சிறியது. சார்ஜரைப் பிடுங்கி வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் 2 ஆண்டில் மாற்றும் போனை 4 ஆண்டு வைத்திருந்தால், தயாரிப்புச் சுமையில் ஓராண்டுக்கு விழும் பங்கு பாதியாகிறது. எந்தச் சார்ஜராலும் அது முடியாது.

உலக அளவில் பார்த்தால், பூமியிலிருந்து ஆண்டுதோறும் எடுக்கப்படும் கனிமம், எரிபொருள், மரம், விளைபொருள் எல்லாம் 1970-இல் சுமார் 3000 கோடி டன்னாக இருந்தன. இன்று 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டன. அதே காலத்தில் மக்கள்தொகை இவ்வளவு வேகமாக ஏறவில்லை. தலைக்கு எடுக்கும் அளவே கூடியிருக்கிறது.

எல்லாவற்றையும் மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டால் போதாதா?

போதாது. 2015 வரை உலகம் தயாரித்த மொத்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். அதில் குப்பையானதில் 9 சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் போனது. 2022-இல் குவிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம். பல அடுக்குகள் ஒட்டிய உறைகளைப் பிரிக்க முடியாது. பிளாஸ்டிக்கை உருக்க உருக்கத் தரம் இறங்கும். எண்ணெய்ப் பிசுக்கோடு போடும் ஒரு டப்பா, கூடவே கிடக்கும் காகிதத்தையும் கெடுத்துவிடும். மறுசுழற்சி கடைசி வழி. வாங்காமல் விட்ட பொருளுக்குக் குப்பைத்தொட்டியே தேவையில்லை.

பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பை வாங்கினால் சரியா?

ஒன்று வாங்கி வருடக்கணக்கில் பயன்படுத்தினால் சரி. டென்மார்க் அரசு 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி, பருவநிலையை மட்டும் பார்த்தால் சாதாரணப் பருத்திப்பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு சமமாகும். ஓசோன் படலம், நீர் உள்ளிட்ட எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் எண் 7100-க்குப் போகிறது. கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கை அந்தக் கணக்கு சேர்க்கவில்லை என்பதால் இதைப் பிளாஸ்டிக்குக்கு நற்சான்றாக எடுக்கக் கூடாது. வீட்டில் ஏற்கெனவே உள்ள எந்தப் பையும் நல்ல பைதான். இலவசமாகக் கிடைக்கும் பதினோராவது துணிப்பையை வேண்டாம் என்று சொல்லிப் பழக வேண்டும். 'இயற்கைக்கு உகந்தது' என்ற முத்திரையோடு வரும் எல்லாப் பொருளுக்கும் இதே அளவுகோல்.

பழைய மின்சாதனத்தை மாற்றினால் மின்சாரம் மிச்சமாகுமே?

சாதனத்தைப் பொறுத்தது. 60 வாட் இழைபல்பு இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்: அதே வெளிச்சத்துக்கு எல்இடி 9 வாட் எடுக்கும், தினமும் 3 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு சுமார் 56 யூனிட் மிச்சம். ஃப்ரிட்ஜை இப்படி உடனே முடிவு செய்ய முடியாது. பிளக்கில் செருகும் மின்அளவியை 7 நாள் மாட்டி, வரும் யூனிட்டை 52-ஆல் பெருக்குங்கள். புதியதன் முத்திரையில் உள்ள ஆண்டு யூனிட்டோடு ஒப்பிடுங்கள். பழையது இரண்டு மடங்குக்கு மேல் இழுத்தால் மாற்றுவது நியாயம்.

அதற்கு முன் இரண்டு சோதனைகள். கதவுக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் வந்தால் ரப்பர்ப் பட்டைதான் கெட்டிருக்கிறது, அதை மட்டும் மாற்றலாம். பின்புறச் சுருள்கள் வெளியே தெரியும் வகையானால் பிளக்கைக் கழற்றி, 6 மாதத்துக்கொரு முறை தூசியைத் துடையுங்கள். வெப்பம் வெளியேற முடியாமல் கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடுவதற்கு இந்தத் தூசி ஒரு முக்கியக் காரணம். பழைய ஃப்ரிட்ஜை இரண்டாவதாக ஒரு மூலையில் ஓடவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

எங்கே தொடங்குவது?

கணக்கெடுப்பில். ஒரு வார இறுதி போதும். முதலில் கடந்த 3 மாதச் செலவுப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்றில் ஒரு குறி போடுங்கள்: திரும்பவும் வாங்குவேன், வாங்க மாட்டேன், வாங்கியதே நினைவில்லை. மூன்றாவது குறி எந்தக் கடையில், எந்த ஆப்பில், நாளின் எந்த நேரத்தில் குவிகிறது என்று பாருங்கள். பலருக்கும் அது இரவு படுக்கையில், களைத்த நேரத்தில் குவியும். அங்கேதான் முதல் பூட்டைப் போட வேண்டும்.

அடுத்து வீட்டில் இருப்பதை எண்ணுங்கள். துணி, காலணி, சார்ஜர் வயர், சோப்பு வகைகள், எழுதுபொருள், பாத்திரம் என்று வகைவாரியாக, எண்ணிக்கையோடு. எண்ணாமல் 'நிறைய இருக்கிறது' என்று விட்டால் அடுத்த மாதமும் அதையே வாங்குவோம். சேமித்து வைத்த கார்டு எண்களை ஆப்களிலிருந்து நீக்குங்கள், விளம்பர அறிவிப்புகளை அணையுங்கள், செய்திமடல்களை நிறுத்துங்கள். கார்டை எழுந்துபோய் எடுக்கும் அந்த ஒரு நிமிடத் தடங்கலிலேயே பல ஆசைகள் தணிந்துவிடும்.

ஆசை வந்துவிட்டது. அந்த நேரத்தில் என்ன செய்வது?

மனத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள், எழுதி வையுங்கள். பொருளின் பெயர், விலை, தேதி, அது தீர்க்கும் பிரச்சினை என்ன என்று ஒரு வரி. சிறிய பொருளுக்கு 48 மணி நேரம், பெரியதற்கு 30 நாள் பொறுங்கள். நாள் முடிந்த பிறகும் அந்த வரியைப் படித்தவுடன் 'ஆம், வேண்டும்' என்று தோன்றினால் வாங்குங்கள், குற்றவுணர்வே வேண்டாம்.

காத்திருக்கும் நாள்களில் இரண்டு கணக்குப் போடுங்கள். ஒன்று உழைப்புக் கணக்கு: மாதக் கைவருமானத்தை, வேலை நேரத்தோடு போக்குவரத்து நேரத்தையும் சேர்த்து வகுத்தால் உங்கள் ஒரு மணி நேரத்தின் உண்மையான மதிப்பு வரும். பொருளின் விலையை அதனால் வகுங்கள். 'இதற்கு என் வாழ்க்கையில் 14 மணி நேரம்' என்பது விலைச்சீட்டைவிடத் தெளிவாகப் பேசும். மற்றொன்று பயன்பாட்டுக் கணக்கு: விலையோடு பராமரிப்புச் செலவைக் கூட்டி, உண்மையில் எத்தனை முறை பயன்படுத்துவீர்களோ அதனால் வகுங்கள். இங்கே பலரும் செய்யும் பிழை, எத்தனை முறை பயன்படுத்த ஆசைப்படுகிறார்களோ அந்த எண்ணைப் போடுவது. அதே வகையில் ஏற்கெனவே உள்ள பொருளைக் கடந்த ஆண்டு எத்தனை முறை எடுத்தீர்கள் என்பதே நம்பத்தக்க எண்.

ஒரு பொருள் இன்னொன்றை இழுத்துவரும் என்பதையும் கணக்கில் சேருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் டிடரோ புது அங்கி ஒன்று கிடைத்த பிறகு, அதன் முன் அறையின் மற்ற பொருள்களெல்லாம் மங்கிப்போய் ஒவ்வொன்றாக மாற்ற நேர்ந்ததை எழுதினார். புது மேசைக்குப் பொருத்தமாக நாற்காலி, நாற்காலிக்குப் பொருத்தமாகத் திரை என்று இன்றும் அதே சங்கிலிதான்.

தள்ளுபடியில் வாங்கினால் லாபம்தானே?

காத்திருப்புப் பட்டியலில் ஏற்கெனவே இருந்த பொருளானால் லாபம். தள்ளுபடியைப் பார்த்த பிறகு நினைவுக்கு வந்த பொருளானால், அதற்குக் கொடுத்த தொகை முழுவதும் செலவு. 'இன்னும் 2 மணி நேரம் மட்டும்' என்று ஓடும் கடிகாரம் யோசிக்க விடாமல் தடுக்கவே வைக்கப்படுகிறது. தவணையில் எடுத்தாலும் மொத்தத் தொகையைத்தான் உழைப்புக் கணக்கில் போட வேண்டும், மாதத் தவணையை அல்ல.

எந்த மாற்றத்துக்குப் பலன் அதிகம்?

உறிஞ்சுகுழலைத் தவிர்ப்பதும் காரைத் தவிர்ப்பதும் ஒரே எடை கொண்டவை அல்ல. வைன்ஸ், நிக்கலஸ் என்ற ஆய்வாளர்கள் 2017-இல் தொகுத்த கணக்கின்படி, வளர்ந்த நாடுகளில் கார் இல்லாமல் வாழ்வது ஆண்டுக்கு சுமார் 2.4 டன் உமிழ்வைத் தவிர்க்கிறது. அட்லாண்டிக்கைக் கடந்து போய்த் திரும்பும் ஒரு விமானப் பயணத்தைத் தவிர்த்தால் சுமார் 1.6 டன். இறைச்சியை விட்டுத் தாவர உணவுக்கு மாறினால் ஆண்டுக்கு சுமார் 0.8 டன். அறையைச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் வீட்டு மின்கணக்கில் பெரும்பங்கு எடுக்கும். இவற்றை முதலில் பார்த்துவிட்டு, பிறகு சிறியவற்றுக்கு வாருங்கள். சிறியவற்றில் களைத்துப்போய்ப் பெரியவற்றைத் தொடாமலே விடுபவர்கள் பலர்.

உணவு வீணாவதை எப்படிக் குறைப்பது?

2022-இல் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக 105 கோடி டன் உணவு வீணானது. ஏறத்தாழ 60 சதவீதம் வீடுகளிலிருந்து. குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகும் உணவு மீத்தேனாகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 28 மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது.

கடைக்குப் போகும் முன் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலைவிட அது உதவும். பசியோடு போகாதீர்கள். ஃப்ரிட்ஜின் உள்வெப்பம் 4 டிகிரி செல்சியஸ், உறைபெட்டி மைனஸ் 18 டிகிரி இருக்கட்டும். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரத்தில் உள்ளே வைத்து, தேதி எழுதி, கண்மட்டத் தட்டில் நிறுத்துங்கள். 3, 4 நாளில் முடித்துவிடுங்கள். கெடுவதற்கு முதல் காரணம் பின்னால் மறைந்து கிடப்பது. கீரையைக் கழுவாமல், உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். ஈரம்தான் அதை அழுக வைக்கிறது. வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி ஆகியவை எத்திலீன் வாயு விடுவதால் பக்கத்தில் உள்ள கீரையும் காயும் விரைவில் மஞ்சளாகும். தனியே வையுங்கள்.

'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்று அச்சிட்டிருப்பது தரத்தைப் பற்றியது. பலவும் அதன் பிறகும் உண்ணத் தகுந்தவை. 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்பைப் பற்றியது. அதை மீறாதீர்கள்.

துணிமணி நீண்டநாள் உழைக்க?

வாங்கும் முன் 30 முறையாவது உடுத்துவோமா என்று கேளுங்கள். தையலை இரு பக்கமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் சீக்கிரம் விட்டுப்போகும்.

துவைப்பதில்தான் துணி அதிகம் தேய்கிறது. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஜிப்பை மூடி, 30 டிகிரியில் துவையுங்கள். துவைக்கும் இயந்திரம் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கத்தான். சோப்புத்தூள் கூடினால் சுத்தம் கூடாது. இழைகளில் படிந்து துணி விறைத்துப்போகும். உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் சேரும் பஞ்சு முழுவதும் உங்கள் துணியிலிருந்து உதிர்ந்ததே.

பித்தான் தைக்கும்போது துணிக்கும் பித்தானுக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்து ஐந்தாறு முறை நூலை ஓட்டி, குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளி நூலை மூன்று நான்கு சுற்று சுற்றி முடிச்சிடுங்கள். இறுக்கித் தைத்த பித்தான்தான் துணியைக் கிழித்துக்கொண்டு வரும். விட்டுப்போன தையலைச் சரிசெய்ய, பிரிந்த இடத்துக்கு 1 செ.மீ. முன்பே தொடங்கி 1 செ.மீ. தள்ளி முடியுங்கள். சிறு ஓட்டையை அன்றே தைத்தால் 5 நிமிட வேலை.

திறன்பேசியை 5 ஆண்டு ஓட்ட முடியுமா?

பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும்வரை ஓட்டலாம். எத்தனை ஆண்டு புதுப்பிப்பு என்பதை வாங்கும்போதே கேளுங்கள். கேமராவைவிட முக்கியமான எண் அது. லித்தியம் பேட்டரி ஏறத்தாழ 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு இறங்கலாம். வெப்பம் அதன் முதல் எதிரி: தலையணைக்கடியில் சார்ஜ் போடுவது, வெயிலில் நிற்கும் வண்டியில் விடுவது இரண்டையும் தவிருங்கள். சார்ஜை 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவே வைத்திருந்தால் கூடுதல் நாள் வரும். கொள்ளளவு நன்றாக இறங்கியதும் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். 'போன் மெதுவாகிவிட்டது' என்பதற்கு நலிந்த பேட்டரியும் ஒரு காரணமாக இருக்கும்.

சார்ஜ் ஏறவில்லையா? பல நேரம் சட்டைப்பைப் பஞ்சு துளையில் அடைத்திருக்கும். போனை அணைத்து, மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள். ஊசி, குண்டூசி வேண்டாம். பேட்டரி உப்பிப் பின்மூடி தூக்கியிருந்தால் அழுத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது. உடனே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

எதை நாமே சரிசெய்யலாம், எதைத் தொடக் கூடாது?

துவைக்கும் இயந்திரத்தில் தண்ணீர் வெளியேறாமல் நின்றால் கீழ்ப்பக்கச் சிறு கதவுக்குள் உள்ள வடிகட்டியைத் திறங்கள். நாணயம், முடி, பித்தான் கிடக்கும். தண்ணீர்க் குழாய் சொட்டினால் பெரும்பாலும் அதனுள் உள்ள வாஷர் வளையம் தேய்ந்திருக்கும். மேசை நாற்காலி ஆடினால் திருகை இறுக்கி, பசை போடுங்கள். இவற்றுக்கு இரண்டு திருப்புளி, ஒரு குறடு, சரிப்படுத்தும் ஸ்பேனர், மரப்பசை, ஊசிநூல் போதும். துளைபோடும் இயந்திரம் போல ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படுவதைத் தெருவுக்கு ஒன்றாக வைத்துப் பகிரலாம்.

மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஃப்ரிட்ஜின் வாயுக்குழாய், பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி ஆகியவையும் தேர்ந்தவர் கைக்கே.

பழுதுச் செலவு புதியதன் பாதிக்குள் இருந்து, இன்னும் சில ஆண்டு உழைக்கும் என்றால் சரிசெய்யுங்கள். பொருள்கள் சீக்கிரம் போவது எப்போதும் நம் கவனக்குறைவால் அல்ல. 1924-இல் பெரிய பல்பு நிறுவனங்கள் கூடி, பல்பின் ஆயுளை 1000 மணி நேரமாக நிர்ணயித்து, அதை மீறியவர்களுக்கு அபராதம் போட்டன. இன்று அதற்கு எதிர்த்திசையிலும் அசைவு உண்டு: 2021 முதல் பிரான்சில் சில மின்னணுப் பொருள்களின் மீது பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்ற மதிப்பெண் ஒட்ட வேண்டும். உதிரிபாகம் கிடைக்குமா, திருகா பசையா என்று கடையில் கேளுங்கள். திருகு போட்டது திறக்கும். பசை போட்டது உடையும்.

வீட்டைக் காலி செய்து எல்லாவற்றையும் எறிந்துவிட்டால் மனம் லேசாகுமா?

சில நாள் ஆகும். வாங்கும் வாசலை மூடாமல் பின்வாசலைத் திறந்தால் ஆறு மாதத்தில் அதே குவியல் வந்துவிடும். நல்ல நிலையில் உள்ளதைப் பயன்படுத்தித் தீருங்கள். வேண்டாததை, கேட்டு வாங்கும் ஒருவருக்கே கொடுங்கள். கிழிந்த துணியை நன்கொடைப் பெட்டியில் போடுவது குப்பையை இன்னொருவர் கைக்கு மாற்றுவதுதான்.

மிச்சமான பணத்தை என்ன செய்வது?

பலரும் கேட்க மறக்கும் கேள்வி, ஆனால் எல்லாப் பலனும் இங்கேதான் ஒழுகிப் போகிறது. நீராவி இயந்திரங்கள் திறன் மிக்கவையாக ஆனபோது நிலக்கரிச் செலவு குறையாமல் கூடியதை பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865-இல் கவனித்தார். வீட்டிலும் அதுவே: துணியில் மிச்சம் பிடித்த பணத்தில் விமானச்சீட்டு எடுத்தால் உமிழ்வு ஏறும். ஆகவே ஒவ்வொரு மாதமும் வாங்காமல் விட்டதன் தொகையை அன்றே வேறு கணக்குக்கு மாற்றி, அதற்கு ஒரு பெயர் வையுங்கள்: கடன் அடைப்பு, அவசர நிதி, பழுதுச் செலவு, வாரத்தில் அரை நாள் குறைவாக உழைப்பது. கடைசியாகச் சொன்னது முடிந்தவர்களுக்கு மிகச் சிறந்தது என்பது எங்கள் கருத்து. நேரமாக மாறிய பணம் மீண்டும் பொருளாக மாறுவதில்லை.

வீட்டில் மற்றவர்கள் ஒத்துவரவில்லையே?

உங்கள் அலமாரியிலிருந்து தொடங்குங்கள். அடுத்தவர் பொருளைக் கேட்காமல் கழித்தால் மறுநாளே எதிர்ப்பு முளைக்கும். பொதுச் செலவில் ஒரே ஒரு வகையை, ஒரே ஒரு மாதத்துக்கு, எல்லோரும் ஒப்புக்கொண்டு நிறுத்திப் பாருங்கள். பிள்ளைகளிடம் 'பணமில்லை' என்று பொய் சொல்ல வேண்டாம். 'இதற்குச் செலவிட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்' என்று சொல்லுங்கள். பொம்மைகளில் பாதியை எடுத்து வைத்து மாதத்துக்கொரு முறை மாற்றித் தந்தால் பழையது புதிதாகத் தெரியும். பரிசு கொடுப்பவர்களிடம் என்ன தேவை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதைக் குறைவல்ல.

நான் ஒருவர் குறைத்து உலகம் மாறுமா?

ஒருவரால் அளவிடும்படி மாறாது. ஆனால் உலகின் பசுங்குடில் வாயு உமிழ்வில் 60 சதவீதத்துக்கும் மேல் வீடுகளின் நுகர்வோடு பிணைந்தது என்று 2016-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. உணவு, போக்குவரத்து, கட்டடம் போன்ற துறைகளில் மக்களின் தேவைப் பக்கத்தை மாற்றினால் 2050-க்குள் உமிழ்வை 40 முதல் 70 சதவீதம்வரை குறைக்க வாய்ப்புண்டு என்று பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக்குழு 2022-இல் சொன்னது. அதற்குப் பேருந்தும் நடைபாதையும் பழுதுபார்க்கத்தக்க பொருள்களும் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. வாக்கு, மனு, நகரசபைக் கூட்டம் ஆகியவை பையை மறக்காமல் எடுத்துப்போவதைவிடக் குறைந்தவை அல்ல. அதிகம் குறைக்க வேண்டியவர்கள் அதிகம் நுகர்பவர்கள்: உலகின் செல்வம் மிகுந்த 10 சதவீதத்தினரிடமிருந்தே ஏறத்தாழ பாதி உமிழ்வு வருகிறது.

இரண்டு மாதம் நன்றாகப் போனது, பிறகு மொத்தமாக வாங்கிக் குவித்துவிட்டேன். ஏன்?

கட்டு அளவுக்கு மீறி இறுகியிருக்கும். 'ஓராண்டு எதுவுமே வாங்க மாட்டேன்' என்ற சபதம் முதல் விதிவிலக்கிலேயே உடையும். உடைந்ததும் 'இனி எதற்கு' என்று அணை திறந்துகொள்ளும். மாதத்துக்கு ஒரு சிறு தொகையைக் கணக்குக் கேட்காத செலவாக ஒதுக்குங்கள்.

குவித்த நாளைத் திரும்பிப் பாருங்கள். அன்று தூக்கம் குறைவா, சண்டையா, தனிமையா, சம்பளம் வந்த நாளா? வாங்குதல் எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது என்று தெரிந்தால் அந்த வேலைக்கு வேறு ஆளை அமர்த்தலாம்: தூக்கம் வேண்டுமென்றால் தூக்கம், பேச்சு வேண்டுமென்றால் ஒரு தொலைபேசி அழைப்பு. பயன்படுத்தாதவற்றைத் திருப்பியனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்புங்கள். மறைத்துக் கடன் வாங்கும் அளவுக்கும், நிறுத்த முயன்றும் முடியாத அளவுக்கும் போயிருந்தால் பட்டியலும் கணக்கும் உதவாது. மனநல ஆலோசகரைப் பாருங்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மற்றபடி, காத்திருப்புப் பட்டியலில் இன்றைய தேதியைப் போட்டு மறுபடி தொடங்கினால் போதும்.